பிள்ளைகளுக்கான ஹொக்கிப் பகல் முகாம்: எதைக் கேட்டுவிட்டு அனுப்புவது?

மார்ச் 29

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாயின் கேள்வி: "மகளுக்குப் பத்து வயது. ஹொக்கி மட்டையைக் கையால் தொட்டதில்லை. சித்திரை விடுமுறையில் மூன்று நாள் பகல் முகாம் ஒன்று இருக்கிறது, காலை எட்டிலிருந்து பின்னேரம் மூன்றரை வரை. ஏதாவது கற்றுக்கொண்டு வருவாளா, வெயிலில் வாடிப்போய் வருவாளா? இந்த ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை வேறு இருக்கிறது. மாமியார் வேண்டாம் என்கிறார்."

அனுப்புங்கள். ஆனால் பணம் கட்டுமுன் ஏற்பாட்டாளரிடம் ஒன்றைக் கேளுங்கள்: எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பந்து?

பயிற்றுநர் எந்த அணியில் ஆடியவர், சான்றிதழ் உண்டா, டீசேர்ட் உண்டா என்பதெல்லாம் பிறகு. பத்துப் பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்தி, ஒருவர் பந்தை உருட்டிக்கொண்டு போய்த் திரும்பிவரக் கால் நிமிடம் என்று வையுங்கள். உங்கள் மகளின் முறை இரண்டரை நிமிடத்துக்கு ஒரு தடவை வரும். மணித்தியாலத்துக்கு இருபத்துநான்கு தடவை. மிச்ச நேரமெல்லாம் முன்னால் நிற்கும் பிள்ளையின் முதுகைப் பார்க்கவேண்டியதுதான். ஆளுக்கொரு பந்து கொடுத்தால் அதே மணித்தியாலத்தில் நூற்றுக்கணக்கான தடவை மட்டை பந்தைத் தொடும். மூன்று நாளில் இந்த வித்தியாசம் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள்.

"போதுமான அளவு பந்து இருக்கிறது" என்ற பதிலை ஏற்காதீர்கள். எண்ணிக்கையைக் கேளுங்கள். நல்ல முகாம் நடத்துபவருக்கு அந்த எண்ணிக்கை நாக்கு நுனியில் இருக்கும்.

மார்ச் 30

என்னென்ன வாங்கவேண்டும் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். முதல் முகாமுக்கு மட்டை வாங்கவே வேண்டாம். முகாமில் இரவல் கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால் சொந்தக்காரர் யாரிடமாவது பழையது கிடைக்கும். மட்டையைப் பிள்ளையின் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தால் மேல்நுனி இடுப்பெலும்பு அளவில் நிற்கவேண்டும். "வளர்கிற பிள்ளைதானே" என்று பெரியவர்களின் முப்பத்தாறரை அங்குல மட்டையைக் கொடுக்காதீர்கள். சப்பாத்தை ஒரு அளவு கூட்டி வாங்கலாம், மட்டையை வாங்கக்கூடாது. நீளம் கூடினால் பிள்ளை முதுகை நிமிர்த்தி, முழங்கையை வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். பிறகு அந்தப் பழக்கத்தை எடுக்கவே ஒரு வருடம் வேண்டும்.

சொந்தமாக வாங்கவேண்டியவை இரண்டு: முழங்காலுக்குக் கீழே கட்டும் காற்காப்பு, பற்காப்பு. பற்காப்பைச் சுடுநீரில் இட்டு இளக்கிக் கடித்து, பல்லின் அச்சுக்குப் பொருத்தவேண்டும். அதை முகாமுக்கு முதல்நாள் இரவு வீட்டிலேயே செய்துவிடுங்கள். விளையாட்டின் விதிப்புத்தகம் களத்தில் ஆடுபவர்களுக்கு இவற்றைப் பரிந்துரைக்க மட்டுமே செய்கிறது. பிள்ளைகள் முகாமில் இவை இல்லாமல் ஒருவரையும் உள்ளே விடக்கூடாது என்பது என் நிலைப்பாடு. ஹொக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம், கிட்டத்தட்ட கிரிக்கெட் பந்தின் எடையேதான். கிரிக்கெட் பந்துக்கு முன்னால் காலில் பாட் இல்லாமல் உங்கள் பிள்ளையை நிறுத்துவீர்களா?

எட்டு வயதுக்குக் கீழே இருந்தால் அந்தப் பந்தே வேண்டாம். டென்னிஸ் பந்து, அல்லது எடை குறைந்த பயிற்சிப் பந்து.

மார்ச் 30, இரவு

"மகன் இடக்கைக்காரன், அவனுக்கென்று தனி மட்டை எங்கே வாங்கலாம்?" எங்கேயும் வாங்கமுடியாது. ஹொக்கி மட்டைக்குத் தட்டையான முகம் இடப்பக்கத்தில் மட்டும்தான். மறுபக்கம் உருண்டை, அதனால் பந்தைத் தொட்டால் தவறு. எல்லோரும் இடக்கையை மேலேயும் வலக்கையைக் கீழேயும் பிடித்தே ஆடுகிறார்கள். மட்டையைத் திருப்புவது மேலே இருக்கும் இடக்கை. வலக்கைப் பிள்ளைகள் அந்த இடக்கையைப் பழக்கிக்கொள்ளவே திணறுகிறார்கள். உங்கள் மகனுக்கு அது பிறவியிலேயே கைவந்தது. பயப்படாமல் அனுப்புங்கள்.

ஏப்ரல் 2

"இந்த நாட்டில் ஹொக்கியை யார் ஆடுகிறார்கள்? கிரிக்கெட் முகாமுக்கு அனுப்பினாலும் ஒரு எதிர்காலம் இருக்கும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதற்குப் பதில் எழுதாமல் என்னால் தூங்கமுடியாது.

மாத்தளைக்குப் போய்ப் பாருங்கள். அந்த ஊரில் ஹொக்கி என்பது பாடசாலைப் போட்டியோடு முடிகிற சங்கதி இல்லை. தாத்தா ஆடினார், மாமா ஆடினார், அக்கா ஆடுகிறாள் என்று வீட்டுக்கு வீடு கதை உண்டு. கொழும்பிலே ரீட் அவெனியூவில் செயற்கைப் புல்தரை மைதானம் இருக்கிறது. ரேஸ்கோர்ஸ் பக்கம் போகும்போது வேலிக்கு வெளியே நின்று ஒரு ஆட்டத்தைப் பாருங்கள்.

நம் அணி ஒலிம்பிக்கில் ஹொக்கி ஆடியதில்லை, அது உண்மை. 1932இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்குக்குக் கப்பலேறும் வழியில் இந்திய அணி இலங்கையில் ஆடியபோது, தியான் சந்தும் அவருடைய தம்பி ரூப் சிங்கும் சேர்ந்து நம்மவர்களை 20-0 என்று புரட்டி எடுத்ததும் உண்மை. அதே அணி அந்த ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 24-1 என்று வென்றது. அப்படிப்பட்டவர்களுக்கு எதிராக மைதானத்தில் இறங்கினார்களே, அவர்களை நினைத்து எனக்குப் பெருமைதான்.

தமிழருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு: 1980இல் மொஸ்கோவில் இந்தியா தங்கம் வென்றபோது அணித்தலைவர் சென்னையின் வாசுதேவன் பாஸ்கரன். கோவில்பட்டி என்ற தீப்பெட்டித் தொழில் ஊர், தலைமுறை தலைமுறையாக ஹொக்கி ஆட்டக்காரர்களைத் தந்துகொண்டிருக்கிறது. 2025இல் ஆண்களுக்கான இளையோர் உலகக் கிண்ணம் சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. மதுரையில் உலகக் கிண்ண ஹொக்கி! யாழ்ப்பாணத்திலிருந்து நேர்கோட்டில் பார்த்தால் கொழும்பைவிட மதுரைதான் கிட்டே.

எதிர்காலம் என்ற பேச்சைப் பத்து வயதுப் பிள்ளையின் மூன்று நாள் விடுமுறை மீது ஏற்றாதீர்கள். கிரிக்கெட்டில் ஒரு பிள்ளை அரை நாள் எல்லைக்கோட்டருகே நின்றுவிட்டு வரலாம். நாலுக்கு நாலு பேர் ஆடும் ஹொக்கியில் ஒளிய இடமே இல்லை. வெட்கப்படுகிற பிள்ளையிடமும் பந்து வந்துவிடும்.

ஏப்ரல் 3

ஒரு தந்தை, "முகாமில் ஓஃப்சைட் விதியை முதலில் சொல்லிக்கொடுங்கள், நாங்கள் அப்படித்தான் பழகினோம்" என்கிறார். ஐயா, ஹொக்கியில் ஓஃப்சைட் 1990களின் பின்பாதியிலேயே நீக்கப்பட்டுவிட்டது. இரண்டு பாதியாக ஆடுவதும் போய், சர்வதேச ஆட்டங்கள் இப்போது பதினைந்து நிமிடம் கொண்ட நான்கு பகுதிகள். எதிரணியின் தவறுக்காக ஃப்ரீ ஹிட் கிடைத்தவர் இன்னொருவருக்காகக் காத்திருக்காமல் தானே பந்தை எடுத்துக்கொண்டு ஓடலாம். நீங்கள் ஆடிய காலத்தைவிட இப்போது ஆட்டம் மிக வேகமானது. மகனோடு நீங்களும் ஒரு நாள் வந்து பாருங்கள், உங்களுக்குப் பிடிக்கும்.

ஏப்ரல் 6

வெயிலைப் பற்றி இனியும் தள்ளிப்போடமுடியாது.

ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே கடந்துபோகிறது. மத்தியானத்தில் நம் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். கொழும்பில் அதோடு கடல் ஈரமும் சேரும், வியர்வை காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிரவைக்காது. செயற்கைப் புல்தரை வெறும் புல்லைவிட மிகக் கூடுதலாகச் சூடேறும். சப்பாத்தின் அடி வழியாகவே உள்ளங்காலில் தெரியும். பிள்ளையின் முகம் நிலத்துக்குக் கிட்டே இருக்கிறது, ஹொக்கியில் குனிந்தே நிற்கவேண்டும். உயரமாக நின்று விசில் ஊதும் பெரியவரின் வெப்பம் வேறு, குனிந்து நிற்கும் எட்டு வயதுப் பிள்ளையின் வெப்பம் வேறு.

பின்னேரமாவது ஆடலாம் என்றால், ஏப்ரல் மாதம் இடைப்பருவம். இரண்டு மணிக்குமேல் இடிமழை. கையில் நீண்ட மட்டையோடு திறந்த வெளியில் பிள்ளைகள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது வினாடிக்குக் குறைவாக இருந்தால் எல்லோரும் உள்ளே போகவேண்டும், கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழியும்வரை வெளியே வரக்கூடாது. "இந்த ஆட்டம் மட்டும் முடியட்டும்" என்று சொல்லும் பயிற்றுநரிடம் என் வீட்டுப் பிள்ளையை விடமாட்டேன். அப்படி ஒரு முகாமில் நான் உதவிக்குப் போயிருக்கிறேன். பெயர் வேண்டாம். வானம் கறுத்து, பார்க்க வந்த பெற்றோரெல்லாம் கூரைக்குக் கீழே ஒதுங்கிவிட்டார்கள். பிள்ளைகள் மட்டும் மைதானத்தில் நின்றார்கள். நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். ஏற்பாட்டாளர் அதற்குப் பிறகு என்னோடு கதைப்பதில்லை.

ஆகவே ஏப்ரலில் கொழும்பில் முழுநாள் ஹொக்கி முகாம் என்றால், உண்மையில் காலை ஏழிலிருந்து பத்தரை வரை ஹொக்கி, மிச்சம் கூரைக்குக் கீழே. கேட்கவேண்டிய இரண்டாவது கேள்வி இது: பத்தரைக்கும் இரண்டுக்கும் நடுவே பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்? நல்ல முகாம்களில் அந்த நேரத்தில் கைப்பிடி நாடா சுற்றப் பழக்குவார்கள், பழைய ஆட்டமொன்றைத் திரையில் போட்டு நிறுத்தி நிறுத்தி, "இப்போது நீ பந்தை யாருக்குக் கொடுப்பாய்?" என்று கேட்பார்கள். சிலர் நன்றாகத் தூங்கவும் விடுவார்கள், அதுவும் நல்லதே.

போத்தல் தண்ணீர் ஒன்று போதாது. மைதானத்தின் வெளியே செவ்விளநீர் கிடைக்கும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புத்தூள் பக்கெட் ஒன்றைப் பையில் வைத்துவிடுங்கள். கொசுத் தைலமும் பூசி அனுப்புங்கள். டெங்குக் கொசு கடிப்பது காலையிலும் பின்னேரத்திலும்தான், மைதானத்து ஓரத்துக் கான்களில் தேங்கிய தண்ணீரைக் கொழும்பில் இருப்பவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை.

ஏப்ரல் 7

நேற்று எழுதியதைக் காலையில் திரும்பப் படித்தேன். அதில் ஒன்றைக் கூட்டவேண்டும். கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர், "பத்தரைக்கு முடிந்தால் யார் போய்க் கூட்டிவருவது? நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம்" என்று கேட்டிருந்தார். நியாயம். முழுநாள் முகாமுக்குப் பெற்றோர் பணம் கட்டுவது ஹொக்கிக்காக மட்டுமல்ல, பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு இடம் வேண்டும் என்பதற்காகவும்தான். அதில் வெட்கம் எதுவும் இல்லை. மூன்றரை வரை வைத்திருங்கள், ஆனால் மத்தியான வெயிலில் ஓடவிடாதீர்கள் என்று ஏற்பாட்டாளரை நெருக்குவோம். நாலைந்து பெற்றோர் சேர்ந்து கேட்டால் நேர அட்டவணை மாறும், மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

ஏப்ரல் 9

மொழியைப் பற்றி இருவர் தனியாகக் கேட்டார்கள். கொழும்பில் பெரும்பாலான முகாம்களில் கட்டளை சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வரும். தமிழ்மொழிப் பாடசாலைப் பிள்ளைக்கு முதல் ஒரு மணித்தியாலம் சிரமம்தான். அது தெரியாத பயிற்றுநர், பிள்ளை சோம்பேறி என்றோ காது கேட்காது என்றோ நினைத்துவிடுவார். காலையில் விடப்போகும்போதே சொல்லிவிடுங்கள்: "இவளுக்குத் தமிழில்தான் நன்றாக விளங்கும், செய்து காட்டினால் உடனே பிடித்துக்கொள்வாள்." தெரிந்த பிள்ளை ஒன்றோடு சோடியாக நிறுத்தச் சொல்லுங்கள். மதியச் சாப்பாட்டுக்குள் அந்தப் பிரச்சினை கரைந்துவிடும். பந்தை வாங்கவும் கொடுக்கவும் பிள்ளைகளுக்குப் பெரிய இலக்கணம் தேவைப்படுவதில்லை. சிங்களப் பிள்ளைகளோடு என் மருமகள் சிநேகமானதே ஒரு முகாமில்தான், இன்றும் வட்ஸ்அப்பில் ஓயாமல் கதைக்கிறார்கள்.

ஏப்ரல் 17

முகாம் தொடங்கிவிட்டது, நானும் உதவிக்குப் போனேன். பந்துக் கணக்கு திருப்தி. இருவருக்கு ஒன்று என்று சொன்னார்கள், உண்மையில் ஆளுக்கொன்றே இருந்தது.

ஒன்றைச் சொல்லவேண்டும். பந்தை நிறுத்தப் பழகும்போது எல்லாப் பிள்ளைகளும் மட்டையை இறுக்கிப் பிடிக்கிறார்கள். பந்து வருகிறது, மட்டையில் பட்டு "டொக்" என்று இரண்டு அடி எகிறிப் போகிறது. பிள்ளை இன்னும் இறுக்குகிறது. பந்து இன்னும் தூரம் போகிறது. ஒரு சின்னவள், தலையில் இரண்டு பின்னல், கோபத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பயிற்றுநர் அவளுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, அவளுடைய வலக்கையைத் தன் கைக்குள் எடுத்து, "கைக்குழந்தையின் விரலைப் பிடிப்பதுபோல் பிடி" என்றார். பிறகு மட்டையின் மேல்நுனியை முன்னால் சாய்த்து, பந்து மட்டைக்கும் நிலத்துக்கும் நடுவே அகப்படும்படி வைத்தார். அடுத்த பந்து வந்தது. சத்தமே இல்லை. பந்து அப்படியே மட்டையின் முன்னால் நின்றது. அவள் பந்தையும் பார்த்தாள், மட்டையையும் பார்த்தாள், "இன்னொன்று போடுங்கள்" என்றாள்.

போட்டார். திரும்பத் திரும்பப் போட்டார். வரிசையில் நிறுத்தியிருந்தால் அவளுக்கு அந்த இன்னொன்று கிடைத்திருக்காது.

ஏப்ரல் 18

கோல் காப்பாளரைப் பற்றித் தனியாக எழுதவேண்டும், ஏனென்றால் இங்கே நடப்பது எனக்கு ஆத்திரமூட்டும் விஷயம்.

எந்த முகாமிலும் கொஞ்சம் பருமனான பிள்ளையை, அல்லது ஓட்டத்தில் பின்தங்கும் பிள்ளையைப் பிடித்து, "நீ கோலுக்குப் போ" என்கிறார்கள். தலைக்கவசம், மார்புக்காப்பு, காலுக்குப் பெரிய பாட், சப்பாத்துக்குமேல் கிக்கர் என்ற பாதக்காப்பு, கையுறை. இத்தனையும் கட்டி அந்தப் பிள்ளையை ஏப்ரல் வெயிலில் கோலுக்குள் நிறுத்தி, மற்றவர்களை வரிசையாக வந்து அடிக்கவிடுகிறார்கள். அது பயிற்சியா, தண்டனையா? கோல் 3.66 மீற்றர் அகலம், 2.14 மீற்றர் உயரம். அதைக் காக்கும் வேலைக்கு அணியிலேயே மிகத் துணிவான, வேகமான கால் வேண்டும். மற்றவர்களின் காலில் பந்து பட்டால் தவறு, இவருக்கு மட்டும் உதைக்க உரிமை உண்டு. அந்த உரிமையைச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள், எல்லாப் பிள்ளைகளும் கோலுக்குப் போகச் சண்டை பிடிப்பார்கள். இன்று ஒரு ஏழு வயதுப் பையன், "அப்படியானால் நான் எப்போதும் கோல்தான், எனக்குக் காற்பந்தும் சேர்த்துக் கிடைக்கும்" என்றான்.

பத்து நிமிடத்துக்கு ஒருவர் என்று மாற்றவேண்டும். எல்லோரும் நிற்கவேண்டும். தலைக்கவசத்தின் உட்புறத்தை ஒவ்வொரு தடவையும் துடைக்கவேண்டும்.

ஏப்ரல் 18, சற்றுப் பிறகு

சின்ன ஆட்டமா முழு மைதானமா என்று கேட்டவருக்கு: முழு மைதானம் 91.4 மீற்றர் நீளம், 55 மீற்றர் அகலம். பத்து வயதுப் பிள்ளைகளை அதில் பதினொன்றுக்குப் பதினொன்று விட்டால் மூன்று பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அணிக்கு ஐந்து பேர் ஆடும் ஹொக்கியையே 2014இல் நன்ஜிங் இளையோர் ஒலிம்பிக்கில் சேர்த்தார்கள். உலக அமைப்பே சிறிய மைதானத்துக்கு இறங்கி வந்திருக்கும்போது, நம் பிள்ளைகளைக் குறுக்கே கோடு போட்டு நாலு மைதானமாகப் பிரித்து விளையாடவிட என்ன தயக்கம்?

ஏப்ரல் 21

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன்.

பத்து வயதில் முகாமில் பாதிப்பேர் பெண்பிள்ளைகள். பதின்மூன்று, பதினான்கில் கூட்டம் கரைந்துவிடுகிறது. பரீட்சை என்பார்கள், ரியூசன் என்பார்கள், கறுத்துப்போவாள் என்பார்கள். அவை காரணங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளிடமே நான் கேட்டிருக்கிறேன். அவர்கள் முதலில் சொல்வது வேறு: உடுப்பு மாற்ற இடமில்லை, கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை, மாதவிடாய் நாளில் யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. பாவாடைதான் கட்டவேண்டும் என்று வற்புறுத்தும் இடங்களும் உண்டு. ஒரு தாழ்ப்பாள் வாங்கப் பணம் இல்லையா? ஒரு பெண் பயிற்றுநரை, அல்லது பொறுப்பான அக்கா ஒருவரை முழுநாளும் அங்கே வைத்திருக்கமுடியாதா? நான் பன்னிரண்டாம் வகுப்புவரை ஆடமுடிந்ததற்குக் காரணம் எங்கள் விளையாட்டு ஆசிரியை. மைதானத்தைப் பார்க்குமுன் அவர் கழிவறையைப் போய்ப் பார்ப்பார்.

கேட்கவேண்டிய மூன்றாவது கேள்வி இது. அப்பாமாரும் கேட்கவேண்டும்.

ஏப்ரல் 25

முகாம் முடிந்துவிட்டது, இனி எங்கே ஆடுவது என்று ஐந்தாறு பேர் கேட்கிறார்கள். பாடசாலையில் அணி இருந்தால் முதல் வாரமே போய்ப் பெயர் கொடுங்கள், தள்ளிப்போட்டால் கை மறந்துவிடும். இல்லாதவர்களுக்கு அடுக்குமாடிக் கார்த் தரிப்பிடம் போதும். டென்னிஸ் பந்து, சுவர், மட்டை. சுவரிலிருந்து நாலு அடி விலகி நின்று, பந்தைச் சுவரை நோக்கித் தள்ளி, திரும்பி வருவதை நிறுத்தி, மறுபடி தள்ளவேண்டும். மட்டையின் முகத்தைப் பந்துக்கு மேலாகப் புரட்டிப் புரட்டி வலமும் இடமுமாக இழுப்பதை ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் செய்தால் போதும். அதில் மேலே இருக்கும் இடக்கை சுழலவேண்டும், கீழே இருக்கும் வலக்கைக்குள் மட்டை வழுக்கவேண்டும். காலணி போடாமல் செய்யவேண்டாம். இரவு எட்டுக்குமேல் செய்யவேண்டாம், கீழ்வீட்டுக்காரரோடு பகைத்துக்கொண்டால் தரிப்பிடமும் போய்விடும். தள்ளுவது மட்டும்தான், ஓங்கி அடிப்பது கார் இல்லாத இடத்தில்.

பழைய மட்டைகள் சில என்னிடம் சேர்ந்திருக்கின்றன. இருபத்தெட்டு அங்குலத்திலிருந்து முப்பத்துநான்கு வரை, இரண்டில் கைப்பிடி நாடா மாற்றவேண்டும். பிள்ளையின் வயதை எழுதாதீர்கள். நிலத்திலிருந்து இடுப்பெலும்புவரை அளந்து, அந்த அங்குலத்தை எழுதுங்கள். பிள்ளை வளர்ந்ததும் திருப்பித் தந்துவிடவேண்டும், அடுத்த பிள்ளைக்குத் தேவைப்படும்.